நெல்லையப்பனைத் தேடுகிறது

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஐம்பத்தோரு வயதில் நான் ஒரு புதுக் கார் வாங்கினேன். மறைமலை நகரில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறவளுக்குக் கார் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. போக ஓர் இடம் இருந்திருந்தால் பஸ்ஸிலேயே போயிருப்பேன். [இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து நீக்கினேன். மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இருக்கட்டும்.]

முதல் நாள் சாவியைத் திருப்பி இன்ஜின் பிடித்ததும் திரையில் ஒரு வரி ஓடியது. ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால்: நெல்லையப்பனின் போனைத் தேடுகிறது. அரை நிமிடம் தேடியது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது. கடைசியாக எந்தப் போன் இணைந்ததோ அதைத்தான் வண்டி தேடுமாம். என் போனை நான் இன்னும் இணைக்கவில்லை. எனக்கு வருகிற அழைப்புகளுக்கு அது தேவைப்படவில்லை.

எட்டு மாதமாகத் தினமும் காலையில் என் வண்டி என்னை உட்கார வைத்துக்கொண்டு வேறொருவரைத் தேடுகிறது. நெல்லையப்பன் என்று எனக்கு யாரையும் தெரியாது. அதனால் எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "ஒரகடத்தின் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேல் சூரியன்…" வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்குகிற கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "நெல்லையப்பனுக்கு ஒரு மகள் இருந்தாள். இரண்டு வருடமாக அவள்…" இதையும் விட்டுவிட்டேன். தனியாக இருக்கிற ஆணைக் கண்டால் உடனே பேசாத மகள் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

மூன்றாவது நின்றது. நெல்லையப்பனுக்கு வயது நாற்பத்தாறு. அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை எடுக்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். ஒரகடத்தில் புது வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. விற்காமல் நிற்கிற வண்டியின் பேட்டரி நாளடைவில் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் மூன்று நாளைக்கு ஒரு தடவை கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைக்க வேண்டும். ஓடுகிற வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது யார்டு விதி. ஆகவே அவர் உள்ளேயே இருப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட சீட். முன்னால் ஒரு வண்டியின் முதுகு, பின்னால் ஒரு வண்டியின் முகம். அவர் பங்குக்கு நூற்றிருபது வண்டி, நாளுக்கு நாற்பது. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி வண்டியை அணைத்தால் நான்காம் நாள் காலை முதல் வண்டி காத்திருக்கும்.

தங்கியிருப்பது சுங்குவார்சத்திரத்தில், ஆறு பேர் அறையில். ஆறு பேருக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். அவர் கிளம்பும்போது இருக்கிறவர்கள் தூங்குவார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

3

இங்கே கொஞ்சம் இன்ஜினைப் பற்றி. பிடிக்காதவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். தாவிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து விளக்கம் கேட்கக் கூடாது.

சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. திருப்பியதும் வண்டி அதனிடம் நீ யார் என்று கேட்கும். சாவி பூட்டுக்குள் அச்சாகப் பொருந்தினாலும், சிப் சொல்லும் பதில் தெரிந்த பதிலாக இல்லாவிட்டால் பொறி கிடையாது. நம்பிக்கை வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிடும். பிஸ்டன் எங்கே வருகிறது என்பதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். பிஸ்டன், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை நசுக்கிக்கொண்டு மேலே ஏறும். அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பொறி விழ வேண்டும். எரிந்து பரவவும் கொஞ்சம் நேரம் வேண்டும் அல்லவா? நாலு சிலிண்டரிலும் முறை வைத்து இது நடக்கிறது.

பேட்டரியில் இருப்பது வெறும் பன்னிரண்டு வோல்ட். பிளக் நுனியில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதைத் தாண்ட இருபதாயிரம் வோல்ட்டாவது வேண்டும். அவ்வளவையும் எழுப்பித் தருவது காயில் என்கிற கம்பிச்சுருள். என் முதல் வரைவில், "காயிலுக்கு மின்சாரம் கொடுத்ததும் பொறி பறக்கிறது" என்று எழுதியிருந்தேன். முதல் சர்வீஸுக்குப் போனபோது சர்வீஸ் அட்வைசர் ஜெபகுமாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"குடுக்கும்போது வராது மேடம். ஓடிட்டிருக்க கரண்ட்ட டக்குனு கட் பண்ணுவாங்க பாருங்க, அப்பத்தான் ஸ்பார்க் அடிக்கும்."

"கட் பண்ணினா அதோட நின்னுதானே போகணும்?"

"காயில் அத ஒத்துக்காது மேடம். இவ்ளோ நேரம் சேத்து வச்சத மொத்தமா வெளிய தள்ளும்."

அது சேர்த்து வைப்பது காந்தப் புலம். மின்சாரம் அறுந்த கணத்தில் புலம் சரிகிறது. அந்தச் சரிவுதான் அத்தனை வோல்ட்டாகப் பாய்கிறது. அன்று வீட்டுக்கு வந்து வரைவு முழுவதையும் கிழித்துப் போட்டேன்.

இன்னொரு கணக்கு. சும்மா நிற்கிற வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றும் என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் பதினாறாயிரம் பொறி. வண்டி ஓரடி நகர்ந்திருக்காது. நெல்லையப்பன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். நான்தான் போட்டேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நீளம்.

4

யார்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெற்கத்திக்காரர் என்பதால் அண்ணாச்சி. அவரைத் தவிர இன்னும் நாலு அண்ணாச்சிகள் அங்கே இருந்தார்கள்.

ஒரு மத்தியானம், பத்து நிமிடத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் வண்டியோடு இணைந்துகொண்டது. நெல்லையப்பன் என்று பெரிய எழுத்தில் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் வேண்டுமென்றே இணைத்தார். அதன் பிறகு எல்லா வண்டியிலும். யார்டில் அது கூடாது என்று தெரியும். அதனால் இறங்கும் முன் தன் போனில் இருக்கும் வண்டியின் பேரை அழித்துவிடுவார். போனில் அழித்தால் வண்டியிலும் அழிந்துவிடும் என்று நம்பினார். அழியாது.*

* நெல்லையப்பன் செய்த தப்பு இது ஒன்றுதான். இந்தக் கதைக்கும் இதைத் தவிர வேறு முதல் கிடையாது.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. வண்டி முழுக்க ஒரு பெண் குரல்.

"வணக்கம், நெல்லையப்பன் சாருங்களா?"

"ஆமாம்மா, நெல்லையப்பன்தான் பேசுதேன்."

போன் கம்பெனியிலிருந்து பேசினாள். "எங்க சேவைக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு மார்க் குடுப்பீங்க சார்?"

"பத்து போட்டுக்கோங்கம்மா."

"ஏதாவது குறை இருந்தா சொல்லலாம் சார்."

அவர் யோசித்தார். நாலு ஸ்பீக்கரிலும் அவள் காத்திருந்தாள்.

"குறைன்னு ஒண்ணும் இல்லம்மா. நீங்க சாப்ட்டியளா?"

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். வண்டி இன்னும் ஏழு நிமிடம் ஓட வேண்டியிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. எதற்கு என்று அவருக்கே புரியவில்லை.

[இந்த அழைப்பு எனக்கு வந்தது. நான் ஏழு மார்க் கொடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.]

5

சூப்பர்வைசர் டில்லிபாபு, பென்னலூர்க்காரன், இருபத்தொன்பது வயது. முதலில் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"அண்ணாச்சி, உன் பேரு இன்னா?"

"நெல்லையப்பன்." கேட்டார்களே என்று அவருக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"புது வண்டின்னு வாங்கினு போன கஸ்டமரு, உள்ள எவன் பேரோ கீதுன்னு ஷோரூம்ல ஒரே சண்ட. யாரோ ஓட்டின வண்டிய என் தலைல கட்டிட்டீங்களான்றான். இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல?"

"அழிச்சிட்டுத்தான் தம்பி எறங்குவேன்."

"போன்லதான அழிச்ச? வண்டில அப்டியே கீது. எத்தினி வண்டில போட்ட?"

"எல்லாத்துலயும்."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு குரலை இறக்கிப் பேசினான். "நாளான்னிக்கு மேனேஜர் வந்து வண்டி வண்டியா பாக்கப் போறாரு. நாளிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு உடாம தூக்கிடு. ஒரே ஒரு வண்டில உன் பேரு இருந்தாலும் கேட்டுக்கு வெளியதான். அப்பறம் என்னால ஒண்ணியும் பண்ண முடியாது."

"ஏற்கெனவே வெளிய போன வண்டில எல்லாம்?"

"போனது போவட்டும், வுடு."

6

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கினார். வண்டியைக் கிளப்புவது, பட்டியலைத் திறப்பது, தன் பேரைத் தொடுவது. அழிக்கவா என்று திரை கேட்கும். ஆம். அடுத்த வண்டி. பத்து நிமிடம் உட்காராமல் இறங்கியது அன்று ஒரு நாள்தான். மத்தியானத்துக்குள் எழுபது முடிந்தது. முதல் சில வண்டிகளில் தன் பேரை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் தொட்டார். பிறகு கை தன் பாட்டுக்குச் செய்தது. ஐந்தேகால் மணிக்கு நூற்றுப் பத்தொன்பது ஆகியிருந்தது. மிச்சம் மதில் ஓரம் நின்ற ஒரு சாம்பல் நிற வண்டி.

அது என் வண்டி.

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். "நெல்லையப்பன் பஸ்ஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு…" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். பஸ்ஸுக்கு ஓடியதில் விட்டுப்போயிருக்கலாம். அல்லது அவர் அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்து, அழிக்கவா என்று திரை கேட்க, இல்லை என்பதைத் தொட்டிருக்கலாம். வேலை போனால் போகட்டும், ஒன்றிலாவது இருக்கட்டும் என்று. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. அதனாலேயே இதை நம்பமாட்டேன் என்கிறேன்.

நியாயமாக நடந்திருக்கக்கூடியது வேறு. யார்டில் அப்படி யாருமே இல்லை. ஷோரூமில் நெல்லையப்பன் என்ற ஒருவர் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்திருப்பார். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். எட்டு மாதமாக நான் போடவில்லை.

7

இன்று இரண்டாவது சர்வீஸ். வேலை முடிந்து ஜெபகுமார் முன்சீட்டில் பக்கத்தில் இருக்கிறார். நான் ஸ்டியரிங்கின் பின்னால். இன்ஜின் ஓடுகிறது. திரையில் வழக்கமான வரி வந்தது.

"நெல்லையப்பன்னா… சாருங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப யார்டுல எவனோ போட்டுட்டு விட்டிருக்கான். தூக்கிடலாம் மேடம், உங்க போன போட்டுத் தரேன்." அவரே பட்டியலைத் திறந்தார். அழிக்கவா என்று திரை கேட்கிறது. "நீங்களே தொடுங்க மேடம். ஓனர் நீங்க."

அழித்தால் நாளைக் காலை அந்தத் திரையில் என் பேர் வரும். உலகத்தில் என் பேரை எழுதிக் காட்டப்போவது அது ஒன்றுதான் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அழிக்காவிட்டால் வண்டி அவரைத் தேடிக்கொண்டே இருக்கும். நானும் அரை நிமிடம் கூடவே காத்திருப்பேன். இவ்வளவு பக்கம் எழுதியும் நான் செய்தது அந்தக் காத்திருப்பைத்தான்.

என்னால் முடியவில்லை. நான் இறங்கிக்கொள்கிறேன். ஆனால் ஓடுகிற வண்டியின் டிரைவர் சீட்டைக் காலியாக விட்டு இறங்கக் கூடாது என்று நெல்லையப்பனின் யார்டில் ஒரு விதி இருக்கிறதே. அதனால்தான் இதைப் படிக்கிற உங்களைக் கூப்பிடுகிறேன். கதவைத் திறந்து பிடித்திருக்கிறேன். உட்காருங்கள். சீட் உங்களுக்குத் தோதாக இல்லையென்றால் தள்ளிக்கொள்ளலாம்.

ஜெபகுமார் உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

"சொல்லுங்க, தூக்கிடட்டா?"