வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்

சபையில் எல்லோரும் அவரை மிஷனரி ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால், மீசை சரியாக முளைத்தும் முளைக்காத வயதில், கடல் கடந்து போய் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். வந்து ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. முடி உதிர்ந்ததே தவிர அந்தப் பெயர் உதிரவில்லை. அவர் உதிர விட்டால்தானே!

அவரிடம் ஒரு சாட்சி, அதாவது ஊழிய நாளின் அனுபவக் கதை, இருந்தது. ஒன்றே ஒன்று. கல்யாண வீடோ, துக்க வீடோ, வாலிபர் கூட்டமோ, எங்கே மைக்கைக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி அதில்தான் வந்து நிற்பார்.

"அந்த ஜனங்களுக்கு இருந்த ஆத்தும தாகம் இருக்கே! சாயங்காலம் ஆனா வீட்டைப் பூட்டிட்டு, சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருவாங்க. அந்த ஊர்ச் சாவி ஒவ்வொண்ணும் இத்தாம்பெரிசு, மரக்கட்டை வேற கோத்திருக்கும். ஜெபம் முடியிற வரைக்கும் அதை மடியை விட்டு எடுக்க மாட்டாங்க. நாம என்னடான்னா வீட்டுக்குள்ள டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கோம்!"

இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். கைக்குட்டை வெளியே வரும். எந்தப் பையிலிருந்து வரும் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்குத் தெரியும். துவைத்து மடித்து வைத்தவளே அவள்தானே.

அவள் நர்ஸாக வேலை பார்த்தவள். "எங்கே வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் முகத்தைப் பார்த்தே ஊசியை எடுத்துவிடுகிற ரகம். கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "எல்லாரும் ஓடி வந்தாங்கன்னு சொல்றீங்களே, ஒரு நாளைக்கு எத்தனை பேரு?"

"எண்ணிக்கையா முக்கியம்?" என்று மனிதர் எரிந்து விழுந்தார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் 'நீங்க பெரிய வேலை செஞ்சிருக்கீங்க' என்று ஒரு வார்த்தை, பொய்க்காவது, அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சபையே கண்ணைத் துடைத்தும் என்ன பிரயோஜனம்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஒப்புக்கொள்ளவில்லையே. அது அவருக்கு உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் மகன் எங்கேயாவது போய்வர டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றதும், மலை, குளிர்ச்சி, கடற்கரை என்றெல்லாம் யோசிக்காமல், "அங்கதான் போறோம்" என்று ஒரே போடாகப் போட்டார். நேரில் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும்!

அவர் ஊழியம் செய்த கட்டடம் அப்படியே இருந்தது. மூன்று மாடி, நடுவில் படிக்கட்டு, கீழே தெருவைப் பார்த்து ஒரு சலூன். அதை ஒட்டி அவர் கூட்டம் நடத்திய அறை. அதில் இப்போது செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்கு முகம் கொஞ்சம் வாடிப்போனது. அதற்குள் சலூன்காரர், பாதி சிரைத்த வாடிக்கையாளரை நுரையோடு விட்டுவிட்டு, "தம்பீ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஐயா திரும்பி மனைவியைப் பார்த்தார். பார்த்தாயா என்று ஒரு பார்வை.

மாடியில் சலூன்காரர் வீடு. அவர் மனைவி ஐயாவின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். மேல்மாடியிலிருந்து டீச்சர் ஒருவர் மூட்டுவலியோடு கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தார். தேநீர் வந்தது. அவர்கள் பாஷை மனைவிக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஐயாதான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில்.

"என்ன சொல்றாங்க?"

"என்னை நினைச்சு ஜெபம் பண்ணாத நாளே இல்லையாம்."

உண்மையில் சலூன்காரர் மனைவி, "இவ்வளவு தொப்பை எப்படிடா வந்தது?" என்றுதான் கேட்டிருந்தாள்.

மனைவி தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஓர் ஆணியில் பெரிய சாவி ஒன்று மரக்கட்டையோடு தொங்கியது. "என்னங்க, நீங்க சொல்ற சாவி அதுதானே?"

ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாட்சிக்குச் சாட்சி சுவரிலேயே தொங்குகிறது! "அதேதான்! நான் என்ன பொய்யா சொல்வேன்?"

"இந்தக் கதவுல சின்னப் பூட்டுத்தானே போட்டிருக்கு?"

"எல்லாத்துலயும் நொட்டை சொல்லு," என்று முணுமுணுத்துவிட்டு, சலூன்காரர் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் கேட்டார். "அண்ணே, அந்த நாள்ல வீட்டைப் பூட்டிட்டு, சாவியோட என் கூட்டத்துக்கு வருவீங்களே, அதை இவகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க."

சலூன்காரர் விழித்தார். "வீட்டுச் சாவியா? அது மோட்டார் ரூம் சாவி தம்பி."

டீச்சருக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. சலூன்காரர் மனைவி டீச்சர் தலையில் தட்டிக்கொண்டே, "இத்தனை வருஷமா இவனுக்குத் தெரியாதா? யாருமே சொல்லலையா?" என்றாள்.

விஷயம் இதுதான். கட்டடத்துக்கெல்லாம் தண்ணீர் ஏற்ற ஒரே மோட்டார். அதன் அறைச் சாவி ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று கைமாறும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அன்று மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் அணைக்க வேண்டும். தம்பி ஊழியத்துக்கு வந்த முதல் வாரம் கூட்டத்துக்கு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் பையன் தினமும் தன்னந்தனியாக நின்று பாடினான், பிரசங்கித்தான். பக்கத்துச் சலூனில் சிரைத்துக்கொண்டிருந்தவருக்குக் கை ஓடவில்லை. "பெத்தவங்களை விட்டுட்டு வந்த பிள்ளை, பைத்தியம் பிடிச்சுடப் போகுது" என்று மாடிப்படியில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். யார் போவது? எல்லோருக்கும் வேலை இருந்தது. கடைசியில் டீச்சர்தான் தீர்ப்புச் சொன்னார். மோட்டார் சாவி யாரிடமோ, அன்று கூட்டத்துக்குப் போய் உட்காருவதும் அவர்தான். தண்ணீர் ஏறும் நேரமும் கூட்ட நேரமும் ஒன்றுதான். எப்படியும் கீழே உட்கார்ந்துதானே ஆகவேண்டும்?

"என்னங்க? என்ன இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றாள் மனைவி.

ஐயா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார். "அது... ஜீவத் தண்ணீரைப் பத்திச் சொல்றாங்க. தாகம் தீர்ந்துச்சாம்."

"மோட்டார்னு காதுல விழுந்துச்சே?"

"உவமானம்."

அதோடு போயிருக்கும். ஆனால் சலூன்காரருக்கு உற்சாகம் பீறிட்டுவிட்டது. எழுந்து நான்கு காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். அவற்றுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, எல்லோரும் எழுந்திருங்கள் என்று சைகை செய்தார். நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ரொம்பத் தன்மையாக, உட்காருங்கள் என்று கையை இறக்கினார். கைக்குட்டையை எடுத்து, தழுதழுத்து, மறுபடி மடித்துப் பையில் வைத்தார். கைக்குட்டை சரியாக அதே பையிலிருந்துதான் வந்தது.

இதற்குப் பாஷை எதற்கு? மனைவி நாற்காலிகளைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். கடைசியில் கணவர் முகத்தைப் பார்த்தாள். ஊசி எடுக்கிற பார்வை.

"ஒழுங்காச் சொல்லுங்க."

ஐயாவுக்கு இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்து நின்றது. இவளுக்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? ஆனால் எதிரே டீச்சர், சலூன்காரர், அவர் மனைவி, மூன்று பேரும் இத்தனை பிரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் பேச்சைத் திரித்துச் சொல்ல மனசு வரவில்லை. சொன்னார். சாவி, மோட்டார், முறை, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாள்கூடத் தவறாம வந்தாங்களா? கேளுங்க."

கேட்டார். சலூன்காரர் மனைவி சொன்னாள்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ சாவியை டீச்சர்கிட்ட குடுத்து அனுப்பினேன். முடியலைன்னா முறை மாத்திக்குவோம். உன்னைத் தனியா விட்டது கிடையாது."

அதையும் அப்படியே தமிழில் சொன்னார். மனைவி பெருமூச்சு விட்டாள்.

"குடுத்து வச்சவங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் முன்வரிசையில உட்கார்ந்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு முறை மாத்திவிட ஒரு ஆள்கூட இல்லைன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை."

மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. சலூன்காரர் மனைவி எழுந்து வந்து இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு சொல்கூடப் பேசாமல், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

"முழுசாச் சொன்னீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் மனைவி.

"சொன்னேன்."

"பெரிய வேலை செஞ்சிருக்கீங்க."

கடல் தாண்டி வந்து வாங்க நினைத்த வாக்கியம்! கிடைத்துவிட்டது. எதற்குக் கிடைத்தது என்பதைத்தான் எந்த மைக்கிலும் சொல்ல முடியாது.

வெளியே சாயங்காலமாகிவிட்டது. சலூன்காரர் மனைவி ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஐயாவின் கையில் வைத்தாள். "இன்னைக்கு எங்க முறை. எத்தனை நாள் இந்தச் சாவி உன்னைத் தேடி வந்திருக்கு. இன்னைக்கு நீ போய் மோட்டாரைப் போடு."

படிக்கட்டுக்கு அடியில் மோட்டார் அறை. ஐயா பூட்டைத் திறந்தார். மரக்கட்டை அத்தனை கைபட்டு வழவழவென்றிருந்தது. சுவிட்சைப் போட்டார். மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. தொட்டி நிரம்பும் வரை அங்கேதான் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையைத் தேடாமல் புறங்கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி இறங்கி வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு கடைசிப் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன் வந்தே? இங்க பிரசங்கம் ஒண்ணும் இல்லையே."

"அதான் வந்தேன்," என்றாள்.