மாமியார் பேர் வைத்த மகள்

ஐந்து வயதாகும்வரை என் மகளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடக் கூடாது என்று கட்டளை.

பேர் ஒன்றும் அசிங்கமான பேர் இல்லை. அமலோற்பவம். மாதாவுக்கு உரிய பேர். மாசில்லாமல் உற்பவித்தவள் என்று பொருள், ஞானஸ்நானத்தன்று சாமியார் விளக்கிச் சொன்னார். ஆனால் அதுதான் என் மாமியாரின் பேரும். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பேரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யாரோ! மாசில்லாத பேராம், என் வாயில் பட்டால் மட்டும் மாசு ஒட்டிக்கொள்ளுமாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உம் பிள்ளைய எப்படி வேணாலும் கூப்புட்டுக்க. எம் பேரு மட்டும் உன் வாயில வரக் கூடாது" என்று தொட்டில் போட்ட அன்றே மாமியார் சொல்லிவிட்டார். அதனால் எனக்கு அவள் பாப்பா. மாமியாரோ தெருவே கேட்கும்படி "ஏ அமலோற்பவம்!" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டுப் பூரித்துப்போவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் பேர் கேட்டார். நான் பிள்ளையின் தோளை இடித்து, "சொல்லு பாப்பா" என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜெபத்தில்கூட அந்த வார்த்தை வரும் இடத்தில் உதட்டை மட்டும் அசைப்பேன். மாதா புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை, மூன்று பேரும் நாகல் நகர் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போனோம். மாமியார் எதிர்ச்சாரியில் வெங்காயக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் பக்கத்தில் நின்றாள். நான் இந்தப் பக்கம் தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணோம்.

மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின் சக்கரத்துக்கு நேரே, மாமியாரின் முதுகுக்குப் பின்னால், கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு குத்தவைத்திருந்தாள் என் மகள்.

நடுவில் கூட்டம், ஓடிப் போய்ச் சேர நேரமில்லை. "பாப்பா!" என்று கத்தினேன். கடைத்தெருவில் யார் வீட்டுப் பிள்ளைதான் பாப்பா இல்லை? நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளை திரும்பவில்லை. "அத்தை! அத்தை!" என்றேன். அங்கே அத்தைகளுக்கும் பஞ்சமில்லை. மாமியார் வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் "பாப்பா!" என்றேன். லாரி நிற்கவில்லை.

"அமலோற்பவம்!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

மாமியார் விருட்டென்று திரும்பினார். நடுத்தெருவில் தன் பேரை மொட்டையாகக் கூப்பிட்டது யார் என்று, என்னை எரித்துவிடுவதுபோல் திரும்பினார். திரும்பிய கண்ணில் பிள்ளை பட்டாள். கையிலிருந்த பையை வீசிவிட்டுப் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். செருப்பின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது.

நான் எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று தெரியாது. பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். மாமியார் சிதறிய வெங்காயத்துக்கு நடுவே அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"அத்தை, வாய் தவறி வந்துருச்சு..."

"கூப்புட இம்புட்டு நேரமாடி?" என்று சீறினார். "பாப்பா பாப்பான்னு கத்திக்கிட்டு நிக்கிற! முதல்லயே எம் பேரச் சொல்லிக் கூப்புட்டா என்ன?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சொல்லக் கூடாதுன்னது யாரு? நீங்கதான அத்தை? என் பிள்ளை சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கு. அப்பவும் உங்க பேர் என் நாக்குல வரலையே! பயந்துக்கிட்டு உள்ளேயே நின்னுச்சே!"

அவர் நசுங்கிக் கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தேன்" என்றார். "நாந்தேன் சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே பட்பட்டென்று அடித்துக்கொண்டார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

உடனே நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிடவில்லை.