பச்சைக்கு அடியில் நீலம்

வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மீசை நரைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் லென்ஸ் பொருத்திப் பொருத்தி அவன் கண்ணுக்கே தடித்த லென்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் மேலே ஓர் அக்கா இருக்கிறவரை அவன் சின்னவன்தான்.

சின்னவன் காரில் பிறந்தவன். பனி கொட்டிய ஒரு காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அப்பாவின் பச்சைக் காரின் பின்சீட்டில் பிறந்தான். அவன் அம்மா வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். தன் பிரசவத்தையும் தானே பார்த்துக்கொண்டாள். கணக்கு வாத்தியாரான அப்பா பதறிப்போய்த் திரும்பித் திரும்பிப் பார்க்க, "ரோட்டப் பாருங்க, என்னப் பாக்காதீங்க" என்று அதட்டிக்கொண்டே பெற்றாளாம். குடும்பத்தில் யார் கூடினாலும் இந்தக் கதை ஒருமுறை அரங்கேறும். சின்னவனுக்கு அலுத்ததே இல்லை.

அதனால்தான் அப்பா போனபிறகு, வேறு எதையும் கேட்காமல் காரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். போன வருடம் அதைப் பழைய கார்களின் கண்காட்சிக்குக் கொண்டுபோனான். வெளியே முகம் பார்க்கலாம் போல மின்னியது. நடுவர் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "வெளிய கல்யாணப் பொண்ணு, உள்ள கரிப்பிடிச்ச அடுப்படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் சின்னவனுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த குளிர்காலம் முழுக்க எஞ்சின் பக்கம்தான் வேலை என்று அன்றைக்கே தீர்மானித்தான்.

துணைக்கு வந்தவன் மனைவியின் தம்பி. கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவன் தொழில். வாய் ஓயாது, கையும் ஓயாது. முதல் பனி விழுந்த வாரம், கார் நிற்கும் கொட்டகையில், இருவருமாகச் சங்கிலிக் கப்பி போட்டு எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். கழற்றிய ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டினான் சின்னவன். போல்ட்டுகளை ஜாம் பாட்டில்களில் போட்டான். கடையில் திருகாணி முடுக்கிப் பழகிய கை அல்லவா, எதையும் சிந்தாது சிதறாது செய்தது. கார்புரேட்டரின் மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பதற்கு வீட்டிலிருந்த பல் பிரஷ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"என்னங்க, நாளைக்கு நாங்க விரலால பல் தேய்க்கணுமா?" என்று மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"புதுசு வாங்கிக்கலாம்."

"வாங்குனா அதுவும் இங்கதான வரும்?"

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது எஞ்சினைக் கழுவும்போது.

எஞ்சினின் ஒரு பக்கத்தில் அட்டையாக ஒட்டியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டியபோது, வார்ப்பிலேயே புடைத்து நின்ற எண்கள் தெரிந்தன. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வார்த்த வருடம். அது அவன் பிறந்ததற்கு அடுத்த வருடம்.

சின்னவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். எண் மாறவில்லை.

"மாப்ள, இங்க வந்து பாரேன். நான் பொறந்தப்போ இந்த எஞ்சின் இன்னும் பொறக்கவே இல்ல."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "இதுக்கா மொகம் இப்படிப் போச்சு? எஞ்சின் அடி வாங்கியிருக்கும், வேற வாங்கி வச்சிருப்பாரு உங்கப்பா. எஞ்சின் மாத்துனா கார் வேற கார் ஆயிடுமா மாமா?"

அது நியாயமாகப் பட்டது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாவது நாள் மைத்துனன், எஞ்சினுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே நிற்கும் தகரச் சுவரில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். அவன் வாயில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோனது.

"மாமா, இந்தக் கார் நீலம்."

"பச்சைடா."

"மேலதான் பச்சை. அடியில நீலம். கம்பெனி அடிச்ச நீலம். வெளிக் கலர மாத்துறவங்க எஞ்சினத் தூக்க சோம்பேறித்தனப்பட்டு உள்ள விட்டுடுவாங்க. இங்க பாருங்க, எஞ்சின் மறைச்ச இடம் பூராவும் நீலம். கைக்கு எட்டுற இடத்துல மட்டும் யாரோ பிரஷ்ஷால பச்சை பூசியிருக்காங்க. சுவத்துக்கு அடிக்கிற பிரஷ். மயிரே ஒட்டியிருக்கு."

உண்மைதான். காய்ந்த பச்சைக்குள் ஒரு பிரஷ் மயிர் வளைந்து கிடந்தது. பக்கத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று. அதிலிருந்த நிற எண்ணை மைத்துனன் தன் பெயின்ட் அட்டையோடு ஒத்துப் பார்த்தான். அதுவும் நீலம் என்றது.

சின்னவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எஞ்சின் வேறு, நிறம் வேறு என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? தன்னைவிடத் தன் தொட்டில் இளையது என்று தெரிந்தால் மனிதன் யாரிடம் போய்க் கேட்பான்?

அக்காவுக்குப் போன் செய்தான்.

"நீலமா? நம்ம வீட்டுல நீலக் கார் இருந்ததே இல்லடா" என்றாள் அக்கா. சற்று யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. சின்ன வயசுல சீட்டு சிவப்பா இருந்த மாதிரி ஞாபகம். இப்ப பழுப்பு இல்ல? ஒருவேளை சித்தப்பா காரோ என்னவோ" என்றாள்.

"சித்தப்பாகிட்ட கார் எங்க இருந்துச்சு? சைக்கிள்தான?"

"அப்ப எனக்குத் தெரியல போ. சும்மா இருந்தவளக் குழப்பிவிட்டுட்ட."

சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டான். எண்பதை நெருங்கும் அம்மாவுக்குக் கண்ணும் காதும் கூர்மை. நினைவு அதைவிடக் கூர்மை. அப்படிப்பட்டவள் அன்றைக்கு, "கார்னா பச்சதான். கொழம்பு ஊத்திக்க" என்றாள்.

"எஞ்சின எப்பம்மா மாத்துனாங்க?"

"எஞ்சினப் பத்தி எனக்கென்ன தெரியும்? உப்பு போதுமா?"

பிடியே கொடுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று மட்டும் புரிந்தது. பூசணிக்காய் எது என்றுதான் புரியவில்லை. திருட்டுக் காரோ? அப்பா யாரிடமிருந்தாவது எதையாவது மறைத்தாரோ? சாலையில் சிவப்பு விளக்குக்கு, எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும், நிற்கிற மனிதர் அவர். கடையில் ஒருவருக்கு இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் பொருத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான் சின்னவன். கொட்டகைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். எஞ்சின் கப்பியில் தொங்கியது. ஜாம் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "வா, வண்டியக் காட்டு" என்று முன்னால் நடந்தாள். பனியில் வழுக்கிவிடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அம்மா காலியான எஞ்சின் குழிக்குள் குனிந்து பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். பிரஷ் பூச்சின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு மைத்துனன் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு நீலமா இருந்துச்சா? ஐயோ பாவம் மனுஷன்."

"அம்மா, எனக்குப் பைத்தியம் பிடிக்குது. இது எந்தக் கார்?"

"நீ தவழுற வயசுல நான் காரக் கொண்டுபோய்க் கம்பத்துல மோதிட்டேன்டா. பனியில சறுக்கிடுச்சு. மூக்கு நசுங்கிப் போச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா அதுக்கப்புறம் வண்டியில ஒக்காந்தாலே கை ஒதறும். வேலைக்குப் போகல. மாசமா இருக்கிற பொண்ணுங்க ஆள் அனுப்பினாக்கூடக் கதவத் தொறக்கல. உங்கப்பா ஒண்ணும் சொல்லல. வண்டியச் சரி பண்ணக் குடுத்திருக்கேன்னு மட்டும் சொன்னாரு. பனி உருகுன சமயத்துல கொண்டாந்து வாசல்ல நிறுத்துனாரு. பாரு, ஒண்ணுமே ஆகல, பழையபடி ஆயிடுச்சு, ஓட்டுன்னாரு."

"அது இந்தக் கார்."

"ஒக்காந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. கிளட்ச் வேற, வாசனை வேற. நீ பொறந்த சீட்டுல எவ்வளவு தொவைச்சும் ஒரு கறை போகாது, அது இல்ல. கேட்டா, சீட்டு மாத்திட்டேங்குறாரு. நம்பர் வேறயா இருக்கேன்னேன். அடிபட்ட வண்டிக்குப் புது நம்பர் குடுப்பாங்களாம்! கணக்கு வாத்தியார் சொல்ற பொய்யப் பாரு. காதெல்லாம் செவந்து போச்சு அவருக்கு."

"நீ என்ன சொன்ன?"

"அப்படியான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். வேற என்ன செய்யச் சொல்ற? அதே மாதிரி ஒரு காரத் தேடிப்பிடிச்சு, பச்சை அடிச்சு, கைநகத்துல பெயின்ட்டோட வந்து நிக்கிறாரு. நம்பலன்னு சொன்னா அந்த மனுஷன் மொகத்த எங்க கொண்டுபோய் வைப்பாரு? தெருக்கோடிவரைக்கும் ஓட்டுனேன். மறுநாள் ஒரு பிரசவத்துக்கே ஓட்டுனேன்."

சின்னவன் தரையில், கிழிந்த அட்டையின் மேல், உட்கார்ந்துவிட்டான். கடைசிவரை பானெட்டை வேறு யாரையும் தூக்கவிடாத அப்பா நினைவுக்கு வந்தார்.

"நீ நம்பலன்னு அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"அதான்டா எனக்கும் தெரியல. சில நேரம் தெரியும்னு தோணும். சில நேரம் இல்லன்னு தோணும். கேட்டிருக்கலாம். கேட்டா ரெண்டு பேர் பொய்யும் வெளிய வந்துடுமே."

"அப்போ நான் பொறந்த கார்?"

"நசுங்கிப் போச்சு. எந்த இரும்புக் கடைக்குப் போச்சோ."

அடுத்த வாரம் மைத்துனன் வந்ததும் பெரிய விவாதம். வெளியேயும் உள்ளேயும் நீலம் அடித்தால் அசல் நிறம், கோப்பை நிச்சயம் என்றான் அவன். அம்மாவின் பதில் ஒரே வரி: "அவருக்கு எட்டாத எடத்துலயும் பச்ச அடிங்க."

"அத்தை, தகட்டுல நீலம்னு இருக்கு. தப்புக் கலர்னு மார்க்கக் கொறைப்பாங்க."

"கொறைக்கட்டும்."

சின்னவனால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. பச்சை அடித்தால் பொய். நீலம் அடித்தால் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது போல. இரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பச்சை டப்பாவைத்தான் திறந்தான். ஏன் என்று மைத்துனன் கேட்டதற்கு, "தெரியல மாப்ள. கை அங்கதான் போச்சு" என்றான்.

குளிரில் பெயின்ட் காயாது என்பதால் கொட்டகைக்குள் ஹீட்டர் வைத்து, பழைய போர்வைகளால் சந்துகளை அடைத்தார்கள். அப்பாவின் பிரஷ் பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது மட்டும் சின்னவன் வெளியே போய் நின்றுகொண்டான். மூன்று பூச்சு. மூலைகளிலும் மடிப்புகளிலும்கூட ஒரு பொட்டு நீலம் இல்லை. பிறகு எஞ்சின் இறங்கியது. நூல் கட்டிய வயர்கள் தத்தம் இடத்துக்குப் போயின. பித்தளைக் குழாய்கள் பளபளத்தன.

வசந்தம் வந்தது, கண்காட்சியும் வந்தது. அதே நடுவர். பானெட்டைத் தூக்கியவர் ஒரு மூலையையும் விடாமல் பார்த்தார். பிறகு குனிந்து தகட்டைப் படித்தார்.

"வேலை பிரமாதம். ஆனா இது நீலக் கார் ஆச்சே. நிறம் தப்பு."

சின்னவனுக்குப் பின்னால், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"பச்சைதாங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கும்போதே பச்ச."

"இல்லம்மா, தகட்டுல..."

"தகடு தப்பு."

நடுவர் அம்மாவைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் சின்னவன்.

கோப்பை வேறொருவருக்குப் போனது. வீடு திரும்பும்போது மைத்துனன் வழி முழுக்க நடுவரைத் திட்டிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் அம்மா தூங்கிப்போனாள். முன்சீட்டில் சின்னவனுக்குப் பக்கத்தில் இருந்த மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இனிமே யாராவது கேட்டா என்ன சொல்றது? இந்தக் கார்லதான் பொறந்தீங்கன்னா, வேற கார்லன்னா?"

சின்னவன் காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தான்.

"பச்சைக் கார்லன்னு சொல்லு" என்றான்.

"அது சரி, எந்தப் பச்சைன்னு கேட்டா?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவன் கியரை மாற்றினான்.