ஐந்தடி ஏழு அங்குலத் தொட்டி

பெவர்லி ஹோல்ராய்டின் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அவள் வீட்டுக் குளியலறையின் நீளம் ஐந்தடி ஆறு அங்குலம். இந்தக் கணக்கு இடித்துக்கொண்டே இருக்க, அந்த வீட்டில் அவள் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள்.

ஹாலிஃபாக்ஸின் மேட்டுத் தெருக்களில் எல்லா வீடும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் கல் வீடுகள்தான். கட்டினபோது கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மாடியில் இருந்த படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்து, இதுதான் குளியலறை என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் முட்டும். பல் தேய்க்கிறவர் உள்ளே இருந்தால் வெளியே இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். காலை ஆறரைக்குப் பெவர்லியின் கணவன் நைஜல் பஸ் டெப்போவுக்குக் கிளம்ப வேண்டும், மகள் டாம்சினுக்குத் தலைமுடி அலச வேண்டும். தினமும் மாடிப்படியில் ஒரு யுத்தம்.

ஆறு வருடத்துக்கு முன்பு நைஜலின் அண்ணன் கிளைவ் அங்கே ஒரு புதுத் தொட்டி மாட்டிக்கொடுத்தான். கிளைவ் முப்பது வருட பிளம்பர். தம்பி வீடு என்பதால் கூலியே வாங்கவில்லை. அன்று எல்லோரும் அவன் முதுகைத் தட்டி, "பிரமாதம் கிளைவ், பிரமாதம்" என்றார்கள். மறுநாளே தொட்டிக்கு நேர் கீழே சமையலறைக் கூரையில் தேநீர் சிந்தின மாதிரி ஒரு கறை விழுந்தது.

யாரும் கிளைவிடம் சொல்லவில்லை. சும்மா செய்துகொடுத்தவனிடம் குறை சொல்வதைவிட வீடு இடிந்து விழுவதே மேல் என்று நினைக்கிற சனம் அது. கறை தெரியும்போதெல்லாம் நைஜல் கூரைக்கு வெள்ளை அடித்தான். யாராவது குளிக்கும்போது பெவர்லி சமையலறை மேசைமேல் சொட்டுப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளைவ் சாப்பிட வரும்போது அந்தப் பேசின் அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும். இப்படியே ஆறு வருடம். கேட்டால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தாங்களும் அப்படித்தான் செய்திருப்போம் என்பார்கள்.

இந்த வருடம் மார்ச்சில் ஒரு பலகை உளுத்துப்போய்த் தொட்டியின் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. இனி மறைக்க முடியாது. கிளைவ் வந்தான், பார்த்தான், தம்பியைத் திட்டினான்.

"நீ திமிங்கலம் மாதிரி உள்ள விழுந்து புரண்டா பலகை என்ன பண்ணும்? தண்ணியெல்லாம் வெளியத்தான் கொட்டும். தொட்டியப் பிடுங்கிட்டு ஒரு ஷவர் கூண்டு வச்சிடலாம். வேலை முடிஞ்சுது."

"தொட்டி வேணும்," என்றாள் பெவர்லி.

"அப்போ ஷவர் கிடையாது."

"ஷவரும் வேணும்."

கிளைவ் அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரையும் போல எல்லாப் பெண்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவான், கடைக்காரியையும் சரி, போலீஸ்காரியையும் சரி. "இது குளியலறை இல்ல கண்ணு, சவப்பெட்டி. சவப்பெட்டியில ரெண்டு பேரப் படுக்க வைக்க முடியாது. ரெண்டும் வேணும்னா சுவத்தத்தான் தள்ளி வைக்கணும்."

"தள்ளி வச்சாப் போச்சு," என்றாள் அவள்.

கிளைவ் சிரித்த சிரிப்பில் பேசின் மேலே இருந்த பிரஷ்கள் ஆடின. மறுநாளே ஒரு ஷவர் கூண்டை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து கீழே நடையில் சாத்திவைத்தான். அன்பளிப்பாம். கோட்டு மாட்டப் போனால் அந்தப் பெட்டிதான் முட்டியில் இடிக்கும். நைஜல் அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு சமாதானம் பேசினான். ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரத்துக்குள் பெவர்லியே தன் கையால் தொட்டியும் ஷவரும் மாட்டிப் பார்க்கலாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சமையலறையில் சாப்பிட உட்காரும்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் திங்கட்கிழமை தொட்டி போய்விடும், கூண்டு ஏறிவிடும்.

தொட்டி ஏன் அவ்வளவு முக்கியம் என்று பெவர்லி யாருக்கும் விளக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் அவள். நாள் முழுக்க நின்றே வேலை. மாலையில் அந்தக் கதவைத் தாழ்போட்டுக் கழுத்துவரை வெந்நீரில் இறங்கும் அரைமணி நேரம் மட்டும்தான் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஷவரில் நின்றுகொண்டே குளிப்பது அவளுக்கு வேலையின் தொடர்ச்சிதான். உட்கார ஒரு இடம் வேண்டும், அது அந்தத் தொட்டி.

முதலில் அவள் உளியை எடுக்கவில்லை, கத்தரிக்கோலை எடுத்தாள். பள்ளிக்கு வந்த ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, தொட்டி அளவுக்கு, பேசின் அளவுக்கு, கழிப்பறை அளவுக்கு வெட்டி அந்தச் சின்னத் தரையில் மூன்று நாள் நகர்த்திப் பார்த்தாள். நான்கடி தொட்டி சுலபமாக நுழைந்தது. அதில் அவள் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதில் உரசும். ஐந்தடி ஏழு அங்குலம், தலைமாட்டில் நின்று குளிக்கக் கொஞ்சம் அகலமாக வளைந்தது, அதுதான் வேண்டும். ஓர் அங்குலம் இடிக்கிறது.

பொருள் வாங்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவன், "வீட்டுக்காரர வரச் சொல்லுங்களேன், அவருக்குப் புரியும்," என்றான்.

"அவர் பஸ் ஓட்டுவார். அதுல ஏதாவது சந்தேகம் இருந்தா அவரக் கேளுங்க. இப்போ அந்தத் தொட்டிய எடுங்க," என்றாள் பெவர்லி. பின்னால் வரிசையில் நின்ற நாலு பிளம்பர்களும் சிரித்தார்கள். கவுண்டர்காரன் காது சிவந்துபோய்த் தொட்டியை எடுத்தான்.

உளுத்த பலகையை மாற்றினாள். உள்பக்கம் திறந்த கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினாள். நூறு வருடமாக யாருக்கும் தோன்றாத அந்த ஒரு காரியத்திலேயே ஓர் ஆள் நிற்க இடம் கிடைத்துவிட்டது. பேசினை மூலைக்குத் தள்ளினாள். பிறகு உளியை எடுத்தாள். பழைய வீட்டில் சுவர்ப்பூச்சு முக்கால் அங்குலம் கனம். தொட்டியின் விளிம்பு வரும் உயரத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சை மட்டும் உள்ளே இருக்கும் செங்கல்வரை கொத்தி எடுத்தாள். இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம், தொட்டி நழுவி இறங்கக் கொஞ்சம் கூடுதல். தொட்டியை ஒருக்களித்து, நைஜல் ஒரு முனை டாம்சின் ஒரு முனை பிடிக்க, சாய்த்து இறக்கியபோது அது சுவரில் வெட்டின அந்தக் காடிப் பள்ளத்தில் போய்ச் சொன்னபடி உட்கார்ந்தது.

"சுவத்தத் தள்ளி வச்சிட்டியே பெவ்!" என்றான் நைஜல். அவன் குரலில் பெருமை வழிந்தது, கூடவே அண்ணனை நினைத்து ஒரு பயமும்.

டைல்ஸை விளிம்புக்கு மேலேயே வந்து உட்காரும்படி ஒட்டினாள். இனி சுவரில் வடியும் தண்ணீர் தொட்டிக்குள்தான் விழ முடியும், வேறு வழி அதற்குக் கிடையாது. மிச்சம் இருந்தது இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசுகிற வேலை. அதை வெள்ளிக்கிழமை செய்தாள். நைஜல் டெப்போவிலிருந்து வந்து மாடியேறிப் பார்த்தால், பெவர்லி நீச்சலுடை போட்டுக்கொண்டு, ததும்பத் ததும்ப நிரம்பின தொட்டியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, துப்பாக்கி மாதிரி இருக்கும் சிலிக்கான் குழலைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி கோலம் இது?"

"மரத்தளம் நைஜல். தொட்டி நிறைஞ்சா ஒரு நூல் கீழ இறங்கும். காலியா இருக்கும்போது பூசினா, நிறையும்போது பிளந்துக்கும். அதனால இப்போவே நிறைச்சு, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கட்டும்னு விட்டுட்டுப் பூசறேன். நாளைக்கு ராத்திரி வரைக்கும் தண்ணியத் திறந்துவிடக் கூடாது."

நைஜல் குனிந்து அந்தச் சிலிக்கான் கோட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "கிளைவ் காலித் தொட்டிக்குத்தானே பூசினான்?" என்றான்.

"ஆமா."

"சொல்லிடலாமா?"

"போய் டீ போடு," என்றாள் பெவர்லி.

சனிக்கிழமை இரவு அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வடித்தபோது கீழே டாம்சின் பேசினைக்கூட வைக்காமல் அண்ணாந்து நின்றாள். ஒரு சொட்டு இல்லை. பெவர்லி அன்று குளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளைவ் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டான். நேராக மாடிக்குப் போனான். ஷவரைப் பார்த்தான், மடங்கும் கண்ணாடித் தடுப்பைத் திறந்து மூடிப் பார்த்தான். தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான்.

"தண்ணி போற குழாயோட மரையைக் கையாலயா முடுக்கின?"

"பிளாஸ்டிக் மரை. கையாலதான் முடுக்கணும்."

"கையால முடுக்கினது முடுக்கினதே இல்ல கண்ணு," என்று பையிலிருந்து பெரிய குறடை எடுத்து நறநறவென்று இன்னும் ஒரு சுற்று திருகினான். பித்தளைக் காலத்துக் கை அது, பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது என்று பெவர்லிக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். ஆனால் ஆறு வருடப் பழக்கம் லேசில் போகுமா? "நன்றி கிளைவ்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து உருளைக்கிழங்கைத் திருப்பிப் போட்டாள்.

ஒரு மணிக்கு மாட்டிறைச்சி ரோஸ்ட்டும், கிண்ணம் போல நடுவில் குழிந்து உப்பும் மாவுப் பண்டமான யார்க்‌ஷையர் புட்டிங்கும் மேசைக்கு வந்தன. பரீட்சைப் பொறுப்பு நைஜலுடையது. நூற்றுப் பத்துக் கிலோ ஆள், அண்ணன் வாயால் திமிங்கலம் பட்டம் வாங்கினவன். அடைப்பானைப் போட்டுவிட்டு ஷவரைச் சுவர்மேலேயே திருப்பித் தொட்டியை நிரப்பினான். பிறகு உள்ளே இறங்கிப் புரண்டான். வேண்டுமென்றே புரண்டான், பாட்டு வேறு. கீழே மூன்று பேரும் கூரையைப் பார்த்தபடி கிரேவியை ஊற்றிக்கொண்டார்கள். கூரை காய்ந்த வெள்ளையாக இருந்தது. டாம்சின் மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, போதும், ஆறிடும், வாங்க!" என்று கத்தினாள்.

மேலே அடைப்பானைப் பிடுங்கும் சத்தம். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அப்போது கிளைவின் யார்க்‌ஷையர் புட்டிங்கின் நடுக்குழியில், கிரேவிக்குள், டப் என்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கிளைவ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நான் சொன்னேன்ல. பரவாயில்ல கண்ணு, நீ முயற்சி பண்ணினதே பெரிசு. நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன்."

பெவர்லிக்கு முகமெல்லாம் சூடேறியது. பிரமாதம் கிளைவ், நன்றி கிளைவ், இன்னும் கொஞ்சம் கிரேவி கிளைவ். இந்தத் தடவை அவள் அதைச் சொல்லவில்லை.

"தொட்டி நிறைஞ்சு நின்னப்போ ஒழுகல. ஷவர் சுவத்துல அடிச்சப்போ ஒழுகல. உங்க தம்பி உருண்டப்போ ஒழுகல. அடைப்பானப் பிடுங்கினப்புறம்தான் ஒழுகுது. அப்போ ஒழுகுறது எது கிளைவ்?"

கிளைவ் கூரையை அண்ணாந்து பார்த்தான். முப்பது வருட பிளம்பர், விடை அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து ராத்திரி தொட்டித் தண்ணி முழுக்க அந்தக் குழாய் வழியாத்தான் வடிச்சேன். சொட்டு இல்ல. அதுக்கப்புறம் அந்த மரையைத் தொட்டது ஒரே ஒரு ஆள்தான்."

தலை ஈரத்தோடு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்த நைஜல் பாதிப் படியிலேயே நின்றுவிட்டான். அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை அதுவரை பேசப்பட்டதே இல்லை.

கிளைவ் எழுந்து மாடிக்குப் போனான். பெவர்லியும் போனாள். அவன் மண்டியிட்டு மரையைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் பிதுங்கி ஓரமாகக் கிழிந்திருந்தது. பெவர்லி ஏப்ரன் பையிலிருந்து புது வாஷரை எடுத்து நீட்டினாள். பன்னிரண்டு மணியிலிருந்தே அது அவள் பையில்தான் இருந்தது.

கிளைவ் குறடுக்குக் கை நீட்டினான்.

"கையால," என்றாள்.

கையாலேயே முடுக்கினான். தொட்டியை நிறைத்தார்கள், அடைப்பானைப் பிடுங்கி வடித்தார்கள். கீழிருந்து டாம்சின், "ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல!" என்று கூவினாள்.

கிளைவ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கட்டைவிரலால் சிலிக்கான் கோட்டைத் தடவிக்கொண்டே போனான். டைல்ஸ் விளிம்பின்மேல் வந்து உட்காரும் இடத்தில் விரல் நின்றது. காடி வெட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"நிறைச்சுட்டுத்தான் பூசினியா?"

"ஆமா."

"நான் போட்டதும் ஒழுகுச்சா?"

"ஆறு வருஷம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பெவ்?"

"நீங்கதான் கூலியே வாங்கலையே," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பயந்தே போனாள், ஆனால் அது சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மோசமில்ல," என்றான்.

அந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று தேவாலய வாசலில் அவளைப் பார்த்து நைஜல் சொன்னதும் அதே வார்த்தைதான். பெவர்லிக்கு, நான் செய்தேன், இதை நான்தான் செய்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "சாப்பாடு ஆறுது," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணிக்கு அவள் கதவைத் தாழ்போட்டாள். வெந்நீரில் இறங்கிக் காலை நீட்டினாள். குதிகால் மறுமுனையைத் தொட்டது, முட்டி மட்டும் தண்ணீருக்கு மேலே லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கீழே தெருவில் கிளைவ் அந்தக் கூண்டுப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர், என்ன திருப்பி எடுத்துட்டுப் போறீங்க என்று கேட்டது அவளுக்குக் கேட்டது.

"இது இங்க தேவையில்ல," என்றான் கிளைவ், தெருவுக்கே கேட்கும்படி. "என் தம்பி பொண்டாட்டி தொட்டி, ஷவர் ரெண்டையும் உள்ள வச்சிட்டா. இடம் பத்தலன்னு சுவத்தையே தள்ளி வச்சிருக்கா. நீங்க வேணா போய்ப் பாருங்க. இப்போ வேணாம், அவ குளிக்கிறா."