சாரிடம் சொல்லாதது

உம்மாவைப் போர்த்தும் கபன் துணியின் ஓரத்தைக் கையால் கிழித்துக் கொடுத்துவிட்டு நஃபீஸத் மறுபடியும் மாடியைப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் உம்மாவின் உடலைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் பஜ்ர் தொழுத பாயிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள். தம்பி ரசீத் மாடியறையில் இருந்தான். அவன் இருமுகிற சத்தம் கேட்டபிறகுதான் இவளுக்குக் கை ஓடியது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே அவன்," என்றாள் குளிப்பாட்ட வந்த ஷம்ஸியா மாமி. "நீயும் நாலு நாள்ல மாப்பிள்ள வீட்டுக்குப் போயிருவே. அவன யாரு பாப்பா?"

வாசலில் பைக் வந்து நின்றது. சிவசண்முகம், நன்னடத்தை அலுவலர். கல்யாண மண்டபத்து அடிதடி ஒன்றில் ரசீத் குற்றவாளி என்று தீர்ப்பானபோது, நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருஷம் இவர் கண்காணிப்பில் விட்டிருந்தது. மாதத்தின் முதல் திங்கள் அவன் பாளையங்கோட்டை அலுவலகத்துக்குப் போகவேண்டும். இடையில் ஒருநாள் அவர் வீட்டுக்கு வருவார். இன்று அந்தத் திங்கள். ஆளைக் காணோமே என்று போன் செய்தவர், செய்தி தெரிந்து கிளம்பிவிட்டார். இங்கே மாலை போடுவதில்லை என்று யாரோ சொல்ல, கொண்டுவந்த மாலையை பைக் கண்ணாடியிலேயே மாட்டினார்.

நஃபீஸத் அவரைப் பக்கத்துச் சந்துக்கு அழைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போன வாரம்கூட அம்மா டீ குடுத்தாங்க," என்றார் அவர். "எம்புள்ள நல்லா சாப்பிடுதான், நல்லா தூங்குதான்னாங்க."

"அது பொய் சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அவன் ரூம்புல உள்தாழ்ப்பாள் இல்லியேன்னு கேட்டியளாமே."

"துருப்பிடிச்சுட்டுன்னாங்க."

"உம்மாதான் கழத்துனா. நோம்பு மாசத்துல அவன் சாவப் பாத்தான் சார். ஆஸ்பத்திரில வச்சிருந்து கூட்டியாந்தோம். ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொன்னோம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எழுதிட்டியன்னா? நன்னடத்தை சரியில்லன்னு அவன உள்ள போட்டுட்டா?"

சிவசண்முகம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கு உள்ள போடமாட்டாங்கம்மா. வைத்தியம் பாக்கத்தான் வழி பண்ணுவோம்."

"உம்மாவுக்கு அது தெரியாது சார்."

சந்தின் கோடியில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கும் சத்தம்.

"அடக்க எடத்துக்குப் பொம்பளைங்க நாங்க வரக்கூடாது. எல்லாரும் திரும்பும்போது அவன் மட்டும் நின்னுருவானோன்னு இருக்கு."

"நான் கூடப் போறேன். ஆனா அவன்ட்ட யாராவது நேராவே கேக்கணும், சாகத் தோணுதான்னு."

"கேட்டா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிராதா?"

"ஆகாது. அப்படித் தோணுறவங்க, யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பாங்க."

"அப்ப நானே கேக்கேன்," என்று நஃபீஸத் மாடி ஏறினாள்.

ரசீத் சட்டைப் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டு வைத்திருந்தான். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டாள். கடைசிப் பொத்தானில் கேட்டாள்.

"ஏலே, மவுத்தாப் போயிருவோம்னு இருக்கா?"

அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு, "இருக்கு லாத்தா," என்றான்.

"இன்னிக்கா?"

"காலைலருந்து."

"சார்ட்ட எல்லாஞ் சொல்லிட்டேன்."

"போச்சு. உள்ள போட்டுருவாவ."

"போடமாட்டாவளாம். கூட வருதாரு. அவரு பக்கத்துலயே நில்லு, என்ன?"

அவன் மூக்கை உறிஞ்சினான். கீழே உடலைத் தூக்கிப்போகும் சந்தூக் வந்துவிட்டது.

சந்தூக்கின் முன்பக்கத்தை ரசீத் தோளில் தாங்கினான். ஷூவை வாசலில் விட்டு, சாக்ஸைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு சிவசண்முகம் அவன் பக்கத்திலேயே போனார்.

நண்பகல் லுஹர் தொழுகையும் அடக்கமும் முடிந்து ஆண்கள் இரண்டு மூன்று பேராகத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். "வந்து பிள்ளையளுக்கு எடுத்து வையி," என்று மாமி கூப்பிட்டாள். நஃபீஸத் ஜன்னல் கம்பியை விடவில்லை. கடைசி ஆளும் வந்து கால் கழுவிவிட்டான்.

அப்புறம்தான் முக்கு டீக்கடையில் அவர்களைக் கண்டாள். சிவசண்முகம் போனைக் காதில் வைத்து, மறுகையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, "ஆமா டாக்டர், இன்னிக்கே, நானே கூட்டிட்டு வரேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். ரசீத் இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸை ஏந்தி, சூடு தாங்காமல் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தபடி, அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.