அலகு எழுதாத கட்டம்

வானத்தில் எங்காவது ஒரு நட்சத்திரம் வெடித்தால், முதலில் கண்ட ஆய்வுக்கூடம் மற்றவர்களுக்கெல்லாம் கணினி வழியே அறிவிப்பு அனுப்பும். ஆளாளுக்கு இஷ்டம்போல எழுதினால் யாருக்கும் விளங்காது என்று, பல கூடங்கள் சேர்ந்து அதற்கொரு பொதுப் படிவம் செய்துகொண்டிருந்தன. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்யும் மூன்று பேரில் சின்னவளும் ஒருத்தி. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல. நீ கொஞ்சம் பேசேன்."

அண்ணன் பக்கத்து ஊரில் தொலைநோக்கி இயக்குபவன். அவள் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது.

"பெரிய வெடிப்பு. கோட்டை விட்டுட்டேன். சொன்ன இடத்துலேர்ந்து மூணு தள்ளி இருக்கலாம்னு அறிவிப்புல இருந்துச்சு. மூணு கோண நிமிஷம்னு நினைச்சுத் துளியூண்டு இடத்தைத் தேடினேன். அவங்க சொன்னது மூணு பாகை. ஒரு பாகைக்கு அறுபது நிமிஷம், அறுபது மடங்கு! சரியான இடத்துக்குத் திரும்பறதுக்குள்ள வெளிச்சம் அணைஞ்சு போச்சு. என் தப்புன்னு தலைவர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்."

அந்த 'மூணு' வரும் கட்டத்தை எழுதியது அவள்தான். "விடு அண்ணா, இன்னொண்ணு வராமலா போகும்," என்று சொல்லி அவசரமாகப் போனை வைத்தாள்.

படிவத்தைப் பற்றிய எட்டு மாதத்துக்கு முந்தைய விவாதப் பக்கத்தைத் திறந்தாள். வெளிநாட்டு மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: 'இந்தக் கட்டத்துக்கு அலகு என்ன? பாகையா, நிமிடமா?' அந்த வாரத்தில் மட்டும் அவள் சின்னவளின் வேலையில் மூன்று பிழை கண்டுபிடித்திருந்தாள். கடுப்பில் இருந்த சின்னவள், 'அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்' என்று ஒரே வரியில் பதில் போட்டுக் கேள்வியை மூடியிருந்தாள்.

இப்போது அந்தக் கட்டத்தில் 'பாகை' என்று சேர்த்தாள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சிறு விளக்கம்' என்று தட்டினாள். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையை அழித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அது உன் தப்பில்ல அண்ணா. அலகு போடாம விட்டது நான்தான். ஒரு பொண்ணு கேட்டா. வாயை அடைச்சு அனுப்பிட்டேன்."

"காலைல நான் பேசினப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்கு ஆறுதல் சொன்ன?"

அவள் அழத் தொடங்கினாள்.

"என்கிட்ட அழாத. எல்லாரும் பார்க்கற இடத்துல எழுது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எழுதினாள். மாணவி கேட்டது, தான் மூடியது, அதனால் ஒரு கூடம் வெடிப்பைத் தவறவிட்டது, எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் எழுதினாள். அண்ணனின் தலைவருக்கும் ஒரு கடிதம் போட்டாள். சாயங்காலத்துக்குள் திருத்தம் ஏற்கப்பட்டது. அண்ணன் மீது தவறில்லை என்று தலைவர் பதில் அனுப்பினார். பதினான்கு பேர் 'நல்ல திருத்தம்' என்று பாராட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கடைசியாக அந்த மாணவியின் பதில் வந்தது: 'எங்கள் கூடமும் நிமிடம் என்றே எடுத்துக்கொண்டது. நாங்களும் தவறவிட்டோம்.' திட்டி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் "வா" என்று மட்டும் சொன்னான். சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை அண்ணி ஒதுக்கிக் கொடுத்தாள்.

"மத்த கட்டமெல்லாம் எந்த லட்சணத்துல இருக்கு? காட்டு," என்றான்.

மத்தியானத்துக்குள் அலகில்லாத கட்டங்கள் இன்னும் பதினொன்று அகப்பட்டன. அதில் ஆறு அவள் எழுதியவை. அவன் ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனான். யார் எழுதியது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.