மேலும் கீழும் என்றால் வா

என் புருஷன் ஆர்லிஸுக்குக் காது கேட்காது. எங்கள் ஊரில் இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாறை குடைகிற இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலையிடுக்கில் சுரங்கம் போனால் வேறு என்ன இருக்கிறது? ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், நான் மதியச் சாப்பாடு பரிமாறுகிற பள்ளிக்கூடம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று, வேலை போன ஆண்பிள்ளைகள் எல்லோரும் கனரக லாரி உரிமத்துக்குப் படிக்கப் போனார்கள். பயிற்சிக்கு அரசாங்கம் இடம் கொடுத்தது. தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அந்த இடம் அடுத்தவனுக்கு. ஐம்பத்தாறு வயசு ஆளுக்கு இதை விட்டால் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

உரிமத்துக்கு முதலில் டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டர் ஐந்தடி தள்ளி நின்று கிசுகிசுப்பார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் ஆர்லிஸின் முதுகுப் பக்கம் போய் நின்றார். அங்கே உதடு எப்படித் தெரியும்? ஆனால் எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடி இருந்தது. அதில் தெரிந்த உதட்டைப் பார்த்து மனுஷன் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். வெளியே வந்து நான் சிரித்த சிரிப்பில் விலா வலித்தது. சிரித்ததற்கெல்லாம் சேர்த்து அப்புறம் அழுதாயிற்று.

முதல் தேர்வு பிரேக்கில் போயிற்று. காற்றழுத்தம் இறங்கும்போது வண்டிக்குள் ஒரு மணி அலறும். அலறியதும் சொல்ல வேண்டும். அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது, இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

“சிவப்பு விளக்கும் எரியுமில்ல? கண்ணு எங்க போச்சு?” என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“தேர்வு வைக்கிறவர் வாயைப் பாத்துட்டு இருந்தேன். அவர் ஏதாவது சொன்னா தெரியணுமே.”

இரண்டாவது தேர்வு பின்னோக்கி எடுப்பதில் போயிற்று. கூம்புகளுக்கு நடுவே நீள வண்டியை வளைத்துக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

அதற்கப்புறம்தான் சர்ச் மைதானத்தில் பயிற்சியை ஆரம்பித்தோம். வைக்கோல் ஏற்றுகிற இழுவை வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி எங்கள் பிக்கப் வண்டியில் மாட்டினோம். கூம்புக்குப் பதில் மாட்டுத்தீவன வாளிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மொச்சையை அடுப்பில் வைத்துவிட்டு, நான் போய்ப் பின்னால் நிற்பேன். முதல் நாள் “நிறுத்து, நிறுத்து” என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று வாளி சப்பையாகிவிட்டது.

ஆர்லிஸ் இறங்கிவந்து வாளிகளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் பழைய சுரங்கத் தொப்பியை, விளக்கோடு, கொண்டுவந்து என் தலையில் மாட்டினார்.

“மேலும் கீழும் ஆட்டினா வா. இடமும் வலமும் ஆட்டினா நில்லு. அவ்வளவுதான், வெர்னா. கத்தாத.”

“நான் கத்தாம இருந்தா ஊரே நமக்குள்ள சண்டைன்னு நினைக்கும்” என்றேன். அவர் உதட்டைப் படித்துச் சிரித்தார்.

சுரங்கத்துக்குள் இதுதான் பாஷை. கும்மிருட்டு, காதைப் பிளக்கிற சத்தம். எதிராளியின் நெற்றி விளக்கு ஆடுவதை வைத்துத்தான் இயந்திரம் நகரும். சொந்தக் கண்ணைவிட அடுத்தவன் விளக்கைத்தான் நம்புவார்கள். நம்பாதவன் நசுங்கிச் செத்திருக்கிறான். என் தலையில் தொப்பி ஏறியதும் மனுஷன் வண்டியைப் பூப்போல எடுத்துவந்து வைத்தார். நாள் தவறாமல் வைத்தார்.

ஆனால் பயிற்சிக்கூடத்தில் ஒன்று சொல்லியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கலாம். அதற்கு அனுமதி உண்டு. நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

“அங்க நான் நிக்க மாட்டேன்யா. இறங்கிப் பாரு. இறங்கினா காலு தேஞ்சா போயிடும்?”

“சுரங்கத்துல எவனும் இறங்கிப் பாக்க மாட்டான். இறங்கினா விளக்கு பிடிக்கிறவனை நம்பலைன்னு அர்த்தம்.”

“அது சுரங்கம். இது லாரி.”

“நீ நிக்கிறப்ப நான் எதுக்கு இறங்கணும்?” என்றார். அந்தப் பேச்சுக்கு மயங்கி மேற்கொண்டு திட்டாமல் விட்டுவிட்டேன். திட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது தேர்வுக்கு நானே கூட்டிப்போனேன். தேர்வு வைக்கிறவர் பெயர் ப்ரூயிட். நல்ல மனுஷன்தான், முகத்தைப் பார்த்தே பேசினார். என்னை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஆர்லிஸ் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு பாகமாகக் கைவைத்து, “வெடிப்பில்ல, வளைவில்ல, உடைவில்ல” என்று ஜெபம்போல ஒப்பித்தார். பிரேக் சோதனையில் சிவப்பு விளக்கைப் பிடித்துவிட்டார். நேராகப் பின்னால் எடுப்பதும் முடிந்தது. என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆசை முளைத்தது. அதை அப்போதே கிள்ளிப் போட்டிருக்கலாம்.

கடைசியாக வளைத்து எடுக்க வேண்டியது. ப்ரூயிட் கூம்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். வண்டி அழகாகத் திரும்பி உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. காதில் வைத்து, “ஆமா, ஆமா, சரி” என்று தலையை ஆட்டினார். மேலும் கீழும்.

பக்கக் கண்ணாடியில் ஆர்லிஸின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் கூம்பைப் பார்க்கவில்லை. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நில்லுய்யா” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். யாருக்குக் கத்தினேன்? வண்டி வந்துகொண்டே இருந்தது. ப்ரூயிட் இன்னும் “ஆமா, ஆமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்சக்கரம் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கூம்பைப் படுக்கவைத்து அதன்மேல் ஏறி நின்றது.

அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, நசுங்கிய கூம்பைப் பார்த்து, காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ‘ஐயா, அவருக்குக் காது கேட்காது, நீங்கள் தலையாட்டியதைப் பார்த்துத்தான் வந்தார்’ என்று. சொன்னால் அந்த டாக்டர் சீட்டும் போய்விடும். அப்புறம் இந்த உரிமம் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் எந்த லாரியும் கிடையாது. சொல்லாவிட்டாலும் மூன்றாவது வாய்ப்பு போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். வேலியைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

ப்ரூயிட் லாரியின் கதவருகே போனார். ஆர்லிஸ் கண்ணாடியை இறக்கினார். ப்ரூயிட்டுக்குச் சங்கடம், பாவம், இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். எனக்குக் காற்றில் பாதி கேட்டது.

“நல்லாத்தான் ஓட்டுறீங்க, அண்ணாச்சி. ஆனா கோட்டைத் தாண்டிட்டீங்க. இது மூணாவது தடவை. என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

சொல்லிவிட்டு, ஆறுதலாகத் தலையை ஆட்டினார். மேலும் கீழும், மெதுவாக, இரண்டு மூன்று தரம். கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

ஆர்லிஸ் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்ல? சுரங்கம் மூடின நாளிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் பார்த்ததில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு, எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுபோல, புருவத்தைத் தூக்கினார்.

என் தலையில் தொப்பி இல்லை, விளக்கு இல்லை. நல்ல பகல் வெளிச்சம். தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

அவர் கட்டைவிரல் இறங்கியது. கை சாவிக்குப் போனது, இஞ்சின் நின்றது. ப்ரூயிட்டின் பின்னால் போய் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, இறங்கிப்போய்க் கூம்பைப் பார்க்கவும் இல்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும்.